பூச்சி அண்டாத வீடு

மேல் வீட்டுச் சமையலறைத் தரையில் சர்க்கரை சிந்திக் கிடந்தது. மகளைக் கூப்பிட மாடிக்குப் போனபோது, செவ்வாய்க்கிழமை காலையில், அவள் அதைப் பார்த்தாள். அடுப்பு மேடைக்குக் கீழே, ஒரு கைப்பிடி இருக்கும். ஓரகத்தியிடம் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, சொல்லாமலே இறங்கி வந்தாள். மதியத்துக்குள் எறும்பு மொய்த்துவிடும், அப்போது தெரியட்டும் என்று மனசுக்குள் ஒரு சின்ன குஷி.

வியாழக்கிழமை மறுபடி போனபோதும் சர்க்கரை அங்கேயே கிடந்தது. ஈரக்காற்றில் கசிந்து, கெட்டிப்பட்டு, யாரோ மிதித்த குதிகால் தடத்தோடு தரையில் ஒட்டிப் போயிருந்தது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். சுவர் மூலையில், தண்ணீர் போகும் துவாரத்தின் மூடியில், குப்பைக்கூடையின் அடியில் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். ஓர் எறும்புகூட இல்லை.

"என்னக்கா தேடுறீங்க?"

ஓரகத்தி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை.

"தோட்டுத் திருகு விழுந்திருச்சு," என்றாள் அவள்.

ஓரகத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்த முகமாக, இல்லாத திருகைத் தேட ஆரம்பித்தாள். தோளோடு தோள் உரசியது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த மர அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை அவளிடமிருந்து வந்தது.

இருவரும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். தம்பிக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அவன் மனைவியைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சின்னவள் என்றே சொல்வார்கள். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை அவளுக்கு. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் கீழ் வீட்டுக்காரிக்கு அவளைவிட ஒரு படி மேலே நிற்கிற மாதிரி இருந்தது. மற்றபடி நிறம், படிப்பு, வேலை, நறுவிசு, எல்லாவற்றிலும் சின்னவளே முன்னால். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை.

கீழ் வீட்டுக்காரி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். முன்னறையில் மெஷின், வெட்டு மேஜை, வாடிக்கையாளர் துணி வைக்கும் இரண்டு அலமாரிகள். அந்த வருஷம் கீழ் வீட்டில் பூச்சித் தொல்லை தாங்க முடியாமல் போயிற்று. அலமாரியில் வெள்ளிப்பூச்சி. கல்யாணத்துக்கு என்று தைக்க வந்த துணியில் ஒரு ராத்திரியில் ஊசி முனையளவு ஓட்டை பதினொன்று விழுந்து, அதன் சொந்தக்காரி வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டுப் போனாள். சமையலறையில் கரப்பான், குளியலறைச் சுவரில் கரும்புள்ளி மாதிரி ஒட்டியிருக்கும் சிறு ஈக்கள். கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏழு வயது மகள், பொடிசு என்று கூப்பிடுவார்கள், கை காலெல்லாம் தடித்துச் சிவந்து சொறிந்துகொண்டே பள்ளிக்கூடம் போனாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே டியூப்லைட் மாற்றப் போய்விட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வருஷக்கணக்கா எரிஞ்ச டியூபு. கழட்டிப் பாத்தா பட்டிக்குள்ள ஒரு செத்த கொசுகூட இல்ல. நீயும் அவகிட்ட என்ன பண்றான்னு கேட்டு வெச்சுக்கோயேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்கு அது ஊசி நகக்கண்ணில் ஏறினது போல இருந்தது. அன்று முழுக்க மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

கேட்கவும் செய்தாள். சின்னவள் மாடிப்படியில் நின்று, கிளினிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "நான் ஒண்ணுமே வெக்கிறதில்லக்கா. ஜன்னல்ல வலைகூட கிடையாது. வர்றது வரட்டும்னு விட்டுட்டேன்."

பொய், என்று நினைத்தாள் அவள். கைப்பக்குவத்தைச் சொல்லித் தராமல் 'எல்லாரும் போடுறதுதான்' என்று மழுப்புகிற பெண்களை அவளுக்குத் தெரியும்.

பொடிசு மாடிக்குத் தூங்கப் போக ஆரம்பித்தது அந்த மாதத்தில்தான். முதலில் சனிக்கிழமை மட்டும். பிறகு வெள்ளியும் சேர்ந்தது. பிறகு பள்ளிக்கூட நாட்களிலும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாப்பிட்ட கையோடு படியேறிவிடும். "மேல கொசு இல்லம்மா," என்று மட்டும் சொல்லும். காலையில் இறங்கி வரும்போது தோல் வழுவழுவென்று, ஒரு தடிப்பும் இல்லாமல் இருக்கும். அவள் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தடிப்பில்லாத கையைப் பார்த்துத் தாய்க்கு வயிறெரியுமா? அவளுக்கு எரிந்தது. தன் பிள்ளையின் கைதான், ஆனால் வேறு வீட்டில் துடைத்து மெருகேற்றிக் கொடுத்தது போல இருந்தது.

அவள் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். துவாரங்களில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். சுவர் விரிசல்களை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தாள். ஜன்னல்களுக்கு நைலான் வலையைத் தானே அளந்து, வெட்டி, ஓரம் அடித்து மாட்டினாள். கதவுகளுக்கடியில் ரப்பர் பட்டை ஒட்டினாள். போரிக் பொடியையும் சர்க்கரையையும் பிசைந்து உருட்டி மூலைக்கு மூலை வைத்தாள். அலமாரியில் அந்துருண்டை, தரையில் பினாயில், வாசற்படியில் எறும்புச் சாக்பீஸ் கோடு. வீடு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி நாறியது. பூச்சி குறையவில்லை. முன்பு பார்த்தறியாத வகைகள்கூட வர ஆரம்பித்தன. தகரத்தைச் சீவி எடுத்தது போன்ற நீலச் சிறகுள்ள ஒன்று, நூல்கண்டு அளவு பருத்த ஒன்று.

கடைசியில் மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிட்டாள். முதுகில் தொட்டி, கையில் நீளக் குழாய், வாயில் ஈரத்துணி கட்டிய நடுவயதுக்காரர். இருபத்தைந்து வருஷமாக இதே தொழில் என்று வந்தவுடனே சொன்னார். கீழே அடித்து முடித்ததும், மேலேயும் ஒரு பார்வை பாருங்கள் என்று அவள் தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியைக் கொடுத்தாள். சின்னவள் கிளினிக்கிலிருந்து வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. என்ன மருந்து வைத்திருக்கிறாள் என்று அவராவது கண்டுபிடிக்கட்டும் என்பதுதான் எண்ணம்.

அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, பிழிந்து, மறுபடி கட்டிக்கொண்டார்.

"மேல அடிக்க வேணாம்மா."

"ஏன்? என்ன வெச்சிருக்கா?"

"ஒண்ணும் வெக்கல." அவர் படியை நிமிர்ந்து பார்த்தார். "மருந்து வெச்ச வீட்டுல செத்ததாச்சும் கிடக்கும். மூலைல ஒரு காலு, ஒரு இறக்கை, ஒட்டடைல தொங்குற தோலு. இங்க அதுவும் இல்ல. ஒட்டடையே இல்ல. பல்லியும் இல்லம்மா. நானும் எத்தனையோ வீடு பாத்துட்டேன்."

மிச்ச மருந்தைத் தெருச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் வந்து மறுபடி அடித்துத் தருவதாகச் சொன்னவர், அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரமே அதிகமாக வந்தது. ஒட்டடைகூட இல்லாத வீடு! வேலைக்கும் போய்க்கொண்டு, ஆளும் ஒல்லியாக, எந்நேரமும் சிரித்த முகமாக. தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பினாயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது.

உண்மை தெரிந்தது ஒரு மின்வெட்டு மதியத்தில். மெஷின் நின்றது, விசிறி நின்றது, தெருவில்கூட அரவமில்லை. அவள் வெட்டு மேஜைக்குக் கீழே வெறுந்தரையில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். காதோரம் மணலைச் சலிப்பது போல மெல்லிய, விடாத ஓர் ஓசை கேட்க, தலையைத் திருப்பிப் பார்த்தாள். சுவரும் தரையும் சேரும் விளிம்பில் சித்தெறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், அதே திசையில், கரப்பான்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் போவது போல நடந்தன. கரப்பானை எறும்பு சீண்டவில்லை. எறும்பைக் கரப்பான் மிதிக்கவில்லை. அவள் வைத்த சர்க்கரை உருண்டை நடுவழியில் இருந்தது. எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போயின. ஒன்றுகூட நின்று முகர்ந்து பார்க்கவில்லை.

அவள் முழங்காலில் ஊர்ந்து பின்தொடர்ந்தாள். முன்னறையிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பின்பக்க ஜன்னல், வலையில் அரித்துப் போட்ட ஒரு கிழிசல். வெளியே, மாடிக்கு ஏறும் தண்ணீர்க் குழாய் நிறம் மாறிக் கிடந்தது. கறுப்பாக. அசைந்துகொண்டு.

எதுவும் அவள் வீட்டுக்கு வந்ததல்ல. அவள் வீடு ஒரு வழிப்பாதை, அவ்வளவுதான். எல்லாம் மேலே போய்க்கொண்டிருந்தன. எல்லாம் மேலேதான் போகின்றன என்றால், மேலே ஏன் ஒன்றுகூட இல்லை என்ற கேள்வி அவளுக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. பூச்சிகூட அங்கேதான் போகிறது. என் பிள்ளையைப் போல. என்னைத் தாண்டிக்கொண்டு.

போகட்டும், என்று முடிவெடுத்தாள். மொத்தமாகப் போகட்டும்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். தன் அறைகளுக்குள் திரும்பும் சந்துகளை எல்லாம் சிமெண்டு வைத்து அடைத்து, பின்பக்க ஜன்னலின் கிழிசலை மட்டும் விட்டுவைத்தாள். துவார மூடிகளைக் குழாய்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். வழியில் இருந்த சாக்பீஸ் கோடுகளை ஈரத்துணியால் அழித்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் போரிக் கலக்காத சர்க்கரைப் பாகு காய்ச்சி, கோணலான பழைய பெயிண்டு பிரஷ்ஷால் குழாயில் கைக்கு எட்டிய உயரம்வரை தடவினாள். பிரஷ்ஷை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டி, ஸ்டூல் போட்டு ஏறி, மேல் வீட்டு ஜன்னல் விளிம்புவரை தடவினாள். பாகு தடவும்போது சிரிப்பு வந்தது. நாளைக்குக் காலையில் சின்னவள் அலறிக்கொண்டு இறங்கி வருவாள், நாமும் 'அச்சச்சோ, என்னடி இது' என்று கன்னத்தில் கை வைப்போம் என்று ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டாள்.

பத்தே நாளில் கீழ் வீடு சுத்தமாயிற்று. அலமாரித் துணியில் ஒரு பொத்தலில்லை. கத்திவிட்டுப் போன வாடிக்கைக்காரி தங்கைக்குத் துணி தைக்க வந்து, "இப்பதான் வீடு வீடா இருக்கு," என்றாள். கணவன் சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு, ஓடுகிற கரப்பானைத் தேடி ஏமாந்து, "பரவால்லயே," என்றான். அவள் காதில் அந்த ஒரு வார்த்தை நாலு நாள் இனித்தது.

சின்னவள் அலறவில்லை. வழக்கம்போல ஒன்பதரைக்குத் தலை வாரி, உடுப்பு கசங்காமல் இறங்கிப் போனாள். கன்னம் மட்டும் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. கீழே இப்போது கொசுவே இல்லை என்று ஆனபிறகும் பொடிசு தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடியேறியது.

தலை வாரிவிடும்போது அவள் பேச்சுக் கொடுத்தாள். சித்தி கதை சொல்வாளா என்று கேட்டாள். இல்லை, பாடுவாள் என்றது குழந்தை. என்ன பாட்டு என்றால் தெரியவில்லை.

"வாயை மூடிட்டுப் பாடுவா. தூங்கறப்பதான் தொறப்பா."

"என்னத்த?"

"வாயை. நான் மூடி விட்டாலும் மறுபடி தொறந்துக்கும். மூடக் கூடாதுன்னு சித்தி சொல்லிட்டா."

அவளுக்கு அதில் பாட்டு மட்டுமே காதில் விழுந்தது. தன் பிள்ளைக்குத் தான் பாடியே எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்த்துக்கொண்டே சடையை இழுத்துப் பின்னினாள். குழந்தை வலிக்கிறது என்று தலையை உருவிக்கொண்டது.

அடுத்த வாரம் கணவன்தான் செய்தி கொண்டுவந்தான். சின்னவள் முழுகாமல் இருக்கிறாள். தம்பி லீவில் வந்துவிட்டுப் போய் இரண்டரை மாதம் ஆகிறது. கப்பலிலிருந்து போன் போட்டு அழுதானாம். சொந்தத்தில் எல்லோரும் படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லோரும் கீழ் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனார்கள். ஓரிருவர் எட்டிப் பார்த்துத் தண்ணீர் கேட்டார்கள்.

பொடிசுக்குப் பிறகு அவளுக்கு இரண்டு முறை தங்கவில்லை. இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு படி மேலே நின்றாளே, அந்தப் படி இப்போது காலடியிலிருந்து உருவப்பட்டது. அன்று அவள் மெஷினின் முன்னால் உட்கார்ந்து, ஒரு துணியின் ஓரத்தை அடித்து, பிரித்து, மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள்.

தளர்த்தியாக இரண்டு உடுப்பு வேண்டும் என்று சின்னவள் கேட்டபோது மறுக்க முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அளவெடுத்தாள். வயிற்றுச் சுற்று முப்பத்திநாலு. நோட்டில் எழுதிக்கொண்டாள். தைத்து எடுத்துக்கொண்டு அடுத்த திங்கள் போனால், உடுப்பு இடுப்பைத் தாண்டி இறங்கவில்லை. பதினெட்டு வருஷமாக அளவெடுக்கிற கை, அரை அங்குலம் தப்பினது கிடையாது. மறுபடி டேப்பைச் சுற்றினாள்.

முப்பத்தெட்டு.

"மூணாம் மாசம்தானே?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. இது கொஞ்சம் வேகமா வளருது."

டேப் அவள் விரலுக்கடியில் நகர்ந்தது. பிள்ளை உதைத்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஓரிடத்தில் முட்டி, அடங்கும். இது முட்டவில்லை. வயிறு முழுக்க, ஒரே நேரத்தில், ஆயிரம் இடத்தில் இழைந்தது. அரிசி மூட்டைக்குள் கையை விட்டால் அரிசி சரிவது போல. கையை எடுக்க நினைத்தாள். எடுக்கவில்லை. பொடிசு அந்தப் பக்கம் வந்து, சித்தியின் வயிற்றில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டது. அந்த முகத்தில் இருந்த நிம்மதியை அவள் தன் மடியில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"பாட்டு கேக்குது," என்றது குழந்தை.

அவளும் காதை வைத்தாள். பிள்ளைக்குக் கிடைப்பது தனக்கும் கிடைக்கட்டும் என்றுதான் இருக்கும். தோலின் சூடு இல்லை. பூட்டிய அலமாரியின் வாசனை. அதற்கும் உள்ளே, ரொம்ப ஆழத்தில், மெஷினை வெறுமனே ஓடவிட்டால் எழும் சத்தம்.

அன்று கணவன் வந்ததும் சொன்னாள். மேலே ஏதோ சரியில்லை, குழந்தையை அனுப்பக் கூடாது, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே முழுவதும் கேட்டான். அவன் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அவளுக்கு ஒரு நல்லது நடந்தா உனக்கு எப்பவுமே ஏதாவது சரியில்லாம போயிடும். இது எனக்குப் புதுசில்ல. பொறாமைக்கும் ஒரு அளவு வேணும்மா."

அவன் சொன்னது பொய்யில்லை. அவளுக்கே சந்தேகம் வந்தது. நான்கு அங்குலம், காதில் கேட்டது, விரலில் பட்டது, எல்லாமே வயிற்றெரிச்சலில் மனசு பண்ணிய கோளாறோ? நோட்டைத் திறந்து பார்த்தாள். முப்பத்திநாலு என்று அவள் கையெழுத்தில்தான் இருந்தது.

குழந்தையை மட்டும் விடவில்லை. மாடிக்குப் போகும் வாசல் கதவைத் தாழ் போட்டாள். பொடிசு அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. சாப்பிடவில்லை. கொடுத்ததை வாயில் வாங்கிக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தட்டிலேயே துப்பியது. பசிக்கவில்லையா என்றால், பசிக்கிறது என்றது. இரண்டு நாள் இப்படியே. ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மழை கொட்டியது. மாலையில் விட்டது. மண்ணும் ஈரச் சுவரும் சேர்ந்து மூச்சுவிடுவது போல ஒரு புழுக்கம். கணவன் எங்கோ நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தான். அவள் விளக்கைப் போட்டுவிட்டு, பொடிசை வெட்டு மேஜையில் படம் வரைய உட்காரவைத்துவிட்டு, பால் காய்ச்சப் போனாள். ஜன்னல் வலைக்கு வெளியே முதலில் ஒன்று பறந்தது. பிறகு நாலைந்து. பிறகு தெரு விளக்கின் வெளிச்சமே மங்கிப்போகும் அளவுக்கு, ஈசல், ஈரக் காகிதம் கிழிவது போன்ற சிறகொலியோடு, தெருவின் இரண்டு முனையிலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. மழைக்குப் பிறகு ஈசல் விளக்கைத் தேடி வருவது ஒன்றும் புதிதில்லை. இவை தெரு விளக்கை மொய்க்கவில்லை. அவள் வீட்டு விளக்கையும் சீண்டவில்லை. ஜன்னலை உரசிக்கொண்டு, மேல்நோக்கி, ஒரே நூலாக.

பால் பொங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

மேஜையில் கலர் பென்சில்கள். நாற்காலி காலி. வாசல் கதவு திறந்திருந்தது.

அவள் படியேறினாள். பதினெட்டுப் படி. பாதி வழியிலேயே மெஷின் சத்தம் கேட்டது, கீழே அவளுடைய மெஷின் ஓடவில்லை என்று தெரிந்தும் ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். சுவரில் கை வைத்தாள். சுவர் ஊர்ந்தது. கையை உதறினாள். எதுவும் அவள் கையைக் கடிக்கவில்லை. கையைச் சுற்றிக்கொண்டு போயின.

மேல் வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை.

எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. டியூப்லைட் எரிந்தது, அதைச் சுற்றி ஒரு ஈசல் இல்லை. சின்னவள் ஜன்னலைப் பார்த்தபடி பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். இவள் பிரித்துத் தளர்த்திக் கொடுத்த உடுப்பு வயிற்றின் மேல் தையல்தையலாகப் பிரிந்திருந்தது. கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. தாடை இறங்க வேண்டிய அளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஜன்னலிலிருந்து அந்த வாய்வரை காற்றில் ஒரு கயிறு. அசையும் கயிறு. உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நாற்காலியைச் சுற்றித் தரையெல்லாம் சிறகு. கணுக்கால் உயரத்துக்கு. வேறெதுவும் இல்லை. காலில்லை, தலையில்லை.

பொடிசு அந்தச் சிறகுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. முதுகை இவள் பக்கம் காட்டி, சித்தியின் முழங்காலில் சாய்ந்துகொண்டு.

"பாப்பா," என்றாள்.

குழந்தை திரும்பியது. வாயை இறுக மூடியிருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. உதட்டோரம் ஒரு சிறகு ஒட்டியிருந்தது. நாக்கு வெளியே வந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. விழுங்கியது. மெல்லிய கழுத்துத் தோலுக்கடியில் அது இறங்கிப் போவது தெரிந்தது. ஒன்றாக இறங்கவில்லை. பலவாக.

"சத்தம் போடாதம்மா," என்றது குழந்தை. "பயந்துடும்."

சொல்லிவிட்டு, கையால் சிறகுகளை ஒதுக்கி, தன் பக்கத்தில் தரையைச் சுத்தம் செய்தது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு. ரொம்ப நாளைக்குப் பிறகு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

அவள் அலறுவதற்காகத்தான் வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. ஜன்னலோரம், காற்றில், அந்தக் கயிறு நின்றது. தயங்கியது. பாதியாகப் பிரிந்தது.

ஒரு பாதி அவளை நோக்கித் திரும்பியது.